தூங்கும் அறையின் பரப்பளவு

ஜூன் 3, செவ்வாய்
பாப்பாவுக்கு ஒன்பது மாதம். நான் திரும்ப வேலைக்குப் போய் மூன்று வாரம். பழைய கிடங்கு ஒன்றைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றும் வரைபடம் என் கைக்கு வந்திருக்கிறது. முன்பெல்லாம் கம்ப்யூட்டர் வரைபடத்தில் அறையின் பரப்பளவைக் கையால் தட்டி வைப்போம். சுவர் நகர்ந்தாலும் எண் அப்படியே நிற்கும். இப்போது பரப்பளவுக் குறிப்பை அறையின் எல்லைக்கோட்டோடு கட்டிவிட்டால், கோடு மாற மாற எண் தானே மாறுகிறது. என்னைப் போன்ற மறதிக்காரிக்கென்றே செய்தார்களோ?

ஜூன் 5, வியாழன்
வரைபடம் அனுமதிக்குப் போய்விட்டது. அப்பாடா.

ஜூன் 6, வெள்ளி
என்ன அப்பாடா!
பக்கத்து மேஜைக்காரர் எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார். ஆபீஸே அவரை ஸ்கேல் அண்ணன் என்கிறது. அவரிடம் தானியங்கிக் குறிப்பைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். வரைபடத்தின் ஒரு பிரதியில் விளையாட்டறைச் சுவரைச் சும்மா தள்ளினேன். எண் கூடியது. கூடவே தூங்கும் அறையின் எண்ணும் கூடியது. அதை நான் தொடவே இல்லை!
"ஏம்மா, இங்க சாப்பிட்டா அங்க தொப்பை போடுது?"
அவர் சிரித்தார். நான் அந்தக் குறிப்பைச் சொடுக்கிப் பார்த்தேன். விளையாட்டறையின் குறிப்பை மட்டும் நகலெடுத்துத் தூங்கும் அறையில் வைத்திருக்கிறேன். அது இடம் மாறியும் பழைய அறையையே அளந்துகொண்டிருக்கிறது. 48.6 சதுர மீட்டர் என்று போயிருக்கிறது. நிஜத்தில் 31.2. ஒரு குழந்தைக்கு மூன்று சதுர மீட்டர் வேண்டும். பத்துக் குழந்தைகளுக்கான அறையில் பதினாறு.
"விடும்மா, யாரு டேப் பிடிச்சுப் பார்க்கப் போறா?" இதைச் சொல்வது யார் பாருங்கள்.

ஜூன் 7, சனி
ஆபீஸை நடத்தும் மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இரண்டு தடவை என் மேஜையைக் கடந்து போனார். 'பிள்ளை பெத்ததும் மூளையை வீட்டுலயே விட்டுட்டு வர்றா'ன்னு நினைப்பாங்களா? வேலை போயிடுமா?

ஜூன் 8, ஞாயிறு
வீட்டில் இவரிடம் சொன்னேன். "பதினாறு கட்டிலையும் போட்டுத்தான் பாரேன்" என்றார். கட்டம் போட்ட தாளில் அறையை வரைந்து போட்டேன். போட்டுவிடலாம். நடக்கத்தான் வழியில்லை. நடுவில் ஒரு பிள்ளைக்குப் புரையேறினால் யார், எப்படி எட்டித் தூக்குவது?
அந்தப் பிள்ளைக்கு என் பாப்பா முகம்தான் வருது.

ஜூன் 9, திங்கள்
சொல்லிட்டேன்! காலையில் பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே மேடம் அறைக்குப் போய்த் தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். அனுமதி ஆபீஸுக்குப் போன் போட்டார். "நாங்க அனுப்பினதுல ஒரு அறை தப்பு. எடுத்து ஓரமா வைங்க, திருத்தி அனுப்பறோம்." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு,
"மூணு நாளா இதை எப்படிம்மா வயித்துல கட்டிக்கிட்டிருந்த?"
அழுதுவிட்டேன். "கட்டில் வாங்கினப்புறம் வந்து அழுதிருந்தா நானும் கூட உட்கார்ந்து அழுதிருக்கணும். போ, முகம் கழுவிட்டு வா."

ஜூன் 11, புதன்
மேடம் சொன்னபடி எல்லா வரைபடங்களிலும் எந்தக் குறிப்பு எந்தக் கோட்டைப் பார்க்கிறது என்று துருவினேன். கையால் தட்டிய பழைய எண்கள் இரண்டு தப்பு. இரண்டும் ஸ்கேல் அண்ணனுடையவை.  அவர் செலவில் எனக்கு மட்டும் டீ வந்தது.

ஜூன் 12, வியாழன்
காப்பகம் நடத்தப்போகும் அக்கா வந்திருந்தார். பக்கத்துச் சாமான் அறையைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். சுவரை எடுத்தேன், கோட்டை இழுத்தேன். 37.5. விளையாட்டறையின் எண் அசையவில்லை. பன்னிரண்டு குழந்தைகள். நடக்க வழியும் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி
அனுமதி வந்துவிட்டது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் என் அம்மா அடுத்த மாதம் ஊரிலிருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அந்த அக்காவுக்குப் போன் செய்தேன்.
"பன்னெண்டுல பதினொண்ணு போயிடுச்சேம்மா."
"மிச்சம் ஒண்ணு எங்க பாப்பாவுக்கு வைங்கக்கா."
"அறையெல்லாம் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டாமா?"
"பார்த்தாச்சுக்கா."