பெயர் வைக்குமுன் பிறந்த மருந்து

என் மர்த்தீன் அக்காவுக்கு,

நீ போன பிறகுதான் காப்புரிமை அலுவலகத்தில் உன் மாத்திரை விசாரணைக்கு வந்தது. கம்பெனி வழக்கறிஞர்கள் நல்ல கோட்டு போட்டிருந்தார்கள். உன்னைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதை மற்றவர்களும் படிக்கிறார்கள். மருந்து தயாரிக்கும் முறைகளுக்கான காப்புரிமைகளைத் தேடிப் படித்துப் பொருள் சொல்வது என் பிழைப்பு. மூலக்குளத்தில் பிரெஞ்சு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த உனக்கு ரத்தத்தில் நோய். அதற்கான மாத்திரையை ஒரே கம்பெனிதான் செய்தது. மருந்தின் மீதிருந்த உரிமை முடியப்போகும் நேரத்தில், தயாரிப்பின் கடைசிப் படிக்கு அந்தக் கம்பெனி புதிதாக ஓர் உரிமை கேட்டது. அது கிடைத்துவிட்டால் வேறு யாரும் மலிவாகச் செய்து விற்க வழியில்லை. நோயாளிகளோடு சேர்ந்து நான் எதிர்ப்பு மனு போட்டேன்.

அவர்களுடைய கண்டுபிடிப்பு இதுதான்: கலவையை ஆல்கஹாலில் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால், மருந்து ‘வியக்கத்தக்க வகையில்’ சுத்தமாகப் படிகிறது. சூடான ஒன்று ஆறியதில் அவர்களுக்கு உண்டான வியப்பு பக்கம் பக்கமாக ஓடியது.

முன்பு யாரும் இப்படிச் செய்யவில்லை என்று தேடல் அறிக்கை வேறு இணைத்திருந்தார்கள். மருந்தின் பெயரைப் போட்டுத் தேடியிருந்தார்கள். நான் சொன்னதும் படுக்கையிலிருந்தே சிரித்தாய்.

“பொறக்கறதுக்கு முன்னாடியே பேரு வச்சிடுவாங்களாடா? அந்தப் பேரு கடைக்கு வந்தப்புறம்தான வந்துச்சி?”

முதன்முதலில் செய்யும்போது மருந்துக்குப் பெயர் கிடையாது; கோடும் கோணமுமான மூலக்கூறு வடிவம்தான் உண்டு. அதை வரைந்து தேடினேன். பழைய பிரெஞ்சுக் காப்புரிமை ஒன்று அகப்பட்டது. நீதான் எனக்குப் படித்துச் சொன்னாய்: ஆல்கஹாலில் சூடாக்கு, ஆறவிடு, வடிகட்டு.

“இன்னாடா இது? ரசம் வைக்கவே இதவிட நெறைய எழுதுவாங்க.”

அந்த வாரமும் நீ மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் விழுங்கினாய். அது விற்கிற விலைக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதாம். நான் கத்தியபோது கையைப் பிடித்து உட்காரவைத்தாய். இப்போது யார் பிடிப்பார்கள்?

விசாரணையில் அந்தப் பழைய காப்புரிமையை வைத்தோம். கம்பெனி வழக்கறிஞர் எழுந்தார். “இதில் சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே. அன்று வந்தது குப்பையாகவும் இருந்திருக்கலாமே?” அதே ஆல்கஹால், அதே சூடு. அவருடைய கட்சிக்காரர் ஆறவிட்டால் மருந்து. இன்னொருவர் ஆறவிட்டால் குப்பை.

உழவர்கரையில் சோதனைக்கூடம் வைத்திருக்கும் நம் சிநேகிதன் அந்துவானிடம் போனேன்.

“பழசுல இருக்கறத அப்படியே செஞ்சி காட்டு. ஒன் மூளைய கலக்காத.”

“அப்போ அடுப்பு பத்தவைக்க மட்டும்தான் நானா, மச்சான்?”

“ஆமாம். அதுக்கு மேல செஞ்சா நீயும் காப்புரிமை கேப்ப.”

செய்தான். கம்பெனி வியந்த அதே சுத்தம் வந்தது. சோதனை அறிக்கையைத் தாக்கல் செய்தோம். நேற்று உத்தரவு வந்தது: கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடி.

எல்லோரும் கைகொடுக்கிறார்கள். எனக்குக் கையை நீட்டவே பிடிக்கவில்லை. ஆல்கஹால் ஆறுவதற்கு ஆகும் நேரம் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லி முடிக்க எங்களுக்கு ஆன நேரத்தில் நீ செத்துப்போனாய். இதை எந்த உத்தரவில் எழுதுவார்கள்?

காலையில் பிள்ளைச்சாவடி செல்வி போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்துக் கட்டிலில் இருந்தவள். அவளுக்கும் இதே மாத்திரைதான்.

“அண்ணே, ஜெயிச்சிட்டீங்களாமே. வேற கம்பெனி மாத்திர எப்ப வரும்?”

“மேல்முறையீட்டுக்குப் போவாங்கம்மா.”

“அப்படின்னா?”

“இன்னும் இழுப்பாங்கம்மா” என்றேன். அவள் போனை வைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

மேல்முறையீட்டுக்கும் போய் உட்காருவேன், அக்கா. அடுத்து கம்பெனி மாத்திரையின் மேல்பூச்சைப் பார்த்து வியந்தாலும் விடமாட்டேன். செல்வியை உன்னிடம் அனுப்பமாட்டேன்.

கோபம் ஆறாத உன் தம்பி,
ரஃபாயேல்