பாட்டில் நிறைவதற்குள்

மார்ச் 4

மொட்டை, நீ இருந்தவரை உன்னை "ஏங்க" என்றுதான் கூப்பிட்டேன். போய் இரண்டு மாதம் ஆகிறது. நோட்டில் எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? இனி நீ எனக்கு மொட்டைதான்.

டிவிச் செய்திக்கு நீ போட்ட சட்டம் இன்னும் நடக்கிறது. நம் வீட்டில் யாரும் பேசாத வார்த்தை வந்தால் கண்ணாடி பாட்டிலில் ஒரு பொத்தான். இன்று தளபதி "திட்டமிட்ட இடமாற்றம்" என்றார்.

"அப்படின்னா என்ன அண்ணி?" என்றாள் உன் தங்கச்சி.

"திரும்பி ஓடி வந்துட்டாங்கடி."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம்தான் உறைத்தது, அங்கே போர்முனையில் நம் பையனும் இருக்கிறான். இருக்கட்டும். நல்லா ஓடட்டும்.

மார்ச் 9

அமைச்சர் பேசினார். "விரைவில்" மட்டும் ஒன்பது தடவை. நாம் "இதோ" என்போம், இல்லை "நாளைக்கு" என்போம். விரைவில் என்று யார் சொல்கிறார்கள்? ஒன்பது பொத்தான்.

மார்ச் 17

தையல் கம்பெனியில் கழித்துப் போட்ட பொத்தான்களைச் சூப்பர்வைசரே எனக்கு அள்ளித் தருகிறார். வரிசை முழுக்க நம் விளையாட்டு தொற்றிவிட்டது. காலர் தைப்பவள் தலைகீழாகத் தைத்துவிட்டு, "சேதம் குறைந்த அளவே" என்றாள். "அப்படியா? பிரி. இது அமைதி நடவடிக்கை" என்றார் சூப்பர்வைசர். வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ போனபிறகு இப்படிச் சிரித்தது இன்றுதான். தப்பாகத் தோன்றவில்லை.

மார்ச் 28

பாட்டில் கழுத்துவரை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய்? "பாட்டில் நிறையறதுக்குள்ள பையன் வந்துடுவான்." நிறைஞ்சிட்டா? அவன் கடிதம் வந்து ஐந்து வாரம். இன்றைக்கு டிவியைப் போடவே இல்லை. உன் தங்கச்சியிடம் சொல்லி அழுதேன்.

"குலுக்கிப் பாருங்க அண்ணி, இன்னும் எவ்வளவோ இடமிருக்கு" என்றாள்.

ஏப்ரல் 6

வேடிக்கையைக் கேள். தினமும் போடுகிறேன், பாட்டில் பாதிதான் இருக்கிறது. "குலுக்கக் குலுக்க இறங்குது பாருங்க" என்கிறாள் உன் தங்கச்சி. இன்னொன்று — அவளுக்குத் திடீரென்று தையல் பைத்தியம். தலையணை உறை, திரைச்சீலை, கைப்பை, எங்கே பார்த்தாலும் பொத்தான். எனக்கே தொழில் கற்றுத்தருவாள் போல.

ஏப்ரல் 20

போர்நிறுத்தமாம். அதற்கும் ஒரு பொத்தான் போட்டேன். கதவைத் தட்டும்போது நம்புகிறேன்.

ஏப்ரல் 29

தட்டிட்டான்! மொட்டை, வந்துட்டான்டா! எலும்பும் தோலுமா இருக்கான், இடது காது கேக்கல — ஆனா வந்துட்டான்!

சாப்பிட்டதும் படுத்தான். ஐந்து நிமிஷத்தில் கன்னத்தைத் தடவிக்கொண்டு எழுந்தான். "தலையணைக்கு எதுக்கும்மா இத்தனை பொத்தான்? குத்துது."

உன் தங்கச்சி சமையலறைக்குள் ஓடினாள். பின்னாலேயே போனேன்.

"நிறைஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னுதான் அண்ணி... தினம் ஒரு பிடி எடுத்தேன்."

"திட்டமிட்ட இடமாற்றமா?" என்றேன்.

கட்டிக்கொண்டு சிரித்தோம். என்னவென்று தெரியாமலே பையனும் வந்து சேர்ந்துகொண்டான்.

இப்போது பட்டப்பகலில் குறட்டை விடுகிறான், உன்னை மாதிரியே. அவன் தலைமாட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கணும். வந்துடுவான் என்று அன்றைக்குச் சொன்னாயே — தெரிந்துதான் சொன்னாயா மொட்டை, இல்லை, அந்த அமைச்சர் மாதிரி நீயும் சும்மா சொன்னாயா?