பெரிய வெள்ளிக்கிழமை மெட்டு

என் மெர்சிக்கு,

கல்லறைத் தோட்டத்துக்கு வந்து பேச மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஹெச்.எம். கூப்பிட்டார். உன் முதலாம் ஆண்டு நினைவுக்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நம் ஆங்கில இலக்கணப் பாட்டுகளைப் பாட வேண்டுமாம். “மெர்சி டீச்சர் பாட்டுல்லா, நீங்களே சொல்லிக் குடுத்துருங்க கனி டீச்சர். அந்த வெள்ளிக்கிழமைப் பாட்டு மட்டும் வேண்டாம். அது நீங்க செஞ்ச வேலை” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாப் பாட்டுக்கும் வரி எழுதியவள் நான். நீ பாடினாய், அதனால் உன் பாட்டு. சரி, போகட்டும். அந்த ஒரு பாட்டு யாருடைய யோசனை, மெர்சி?

“கோ, வென்ட், கான்” யாருக்கும் மனதில் நிற்கவில்லை என்று நான் புலம்பியபோது, பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பாரி மெட்டில் போடச் சொன்னது நீதான். “உங்க வேதக்கோயில் பாட்டுல நான் கை வைக்கலாமா?” என்று தயங்கினேன். “ஏளா, நம்ம கடற்கரைப் பிள்ளைகளுக்கு அந்த மெட்டு ரத்தத்துல ஊறினது. பயப்படாதே” என்றாய். ஒரே வாரத்தில் வகுப்பே ஒப்பித்தது.

பெரிய வெள்ளியன்று கோயிலில் ஒப்பாரியை எடுத்ததும், பின்வரிசைப் பிள்ளைகள் உருக்கமாக “கோ, வென்ட், கான்” என்று பாடிவிட்டார்கள். பெற்றோர்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். ஹெச்.எம். அறையில் நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ சேலை முந்தியைப் பார்த்துக்கொண்டு, “நான் வேண்டாம்னுதான் சொன்னேன் மேடம்” என்றாய்.

வேற்று மதக்காரி வேண்டுமென்றே கேலி செய்தாள் என்று ஊர் பேசியது. என் கையால் எத்தனை நாள் சாப்பிட்டவள் நீ, உனக்கு எப்படி மனசு வந்தது? உன் வீட்டுக்காரர் கோயில் பாடகர் குழுவில் இருக்கிறாரே என்று பயந்தாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பழியை ஏற்றுக்கொண்டிருப்பேனே. அடுத்த மாதமே மாரடைப்பு என்று போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் யாரிடம் சண்டை போட?

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், அந்தப் பாட்டையும் சேர்த்து. அவர்கள் பாடுவதற்கு முன் மைக்கை வாங்கி, உன் வீட்டுக்காரர் முன்னால், “இந்த மெட்டைத் தந்தது மெர்சி” என்று சொல்வேன். இது சத்தியம்.

உன்னை அடக்கம் செய்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அதைச் சொல்லி முடித்த பிறகாவது வரட்டும்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகளான,
கனி