அக்காவின் திருத்தங்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். போனில் சொன்னால் நாளைக்கே "நீ அப்படிச் சொல்லவே இல்லை" என்று சாதிப்பாய் என்பதால் எழுதுகிறேன். கோர்ட்டில் இத்தனை வருடம் டைப் அடித்தவளுக்கு எழுத்தில் இருந்தால்தானே நம்பிக்கை!

உன் மாப்பிள்ளை டெலிவரி வேனோடு பத்து நிமிடம் பிந்தி வந்தாலே நான் பதினாலு தடவை போன் அடிக்கிறேன். பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு அடிக்கிறேன். போன மாதம் மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஒண்ணு யாரையாவது போய்ப் பாரு, இல்லன்னா இந்தப் போனைத் தூக்கிக் கிணத்துல போட்டுடறேன்." சரி என்று போனேன். சைக்கோடைனமிக் தெரபியாம். பழசையெல்லாம் பேசிப் பேசி, இன்றைய பயம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவது.

வாராவாரம் செவ்வாய், ஐந்து மணி, ஐம்பது நிமிடம், அதே நாற்காலி. தெரபி பார்க்கிற அந்த அம்மா ஒன்றுமே கேட்பதில்லை அக்கா! "மனசுல என்ன வருதோ சொல்லுங்க" என்றுவிட்டு உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்திருந்தேன். நான் வேலை பார்க்கிற பல் செட் லேபில்கூட மெழுகு ஆறுகிற வரைதான் சும்மா இருப்போம். கடைசியில் பொறுக்க முடியாமல் ஜன்னல் திரையின் நிறத்தைப் பற்றிப் பேசினேன்.

"பயம் வந்தா என்ன பண்ணணும்னு சொல்லுங்களேன்" என்று கேட்டால், "நான் சொல்லுவேன்னு எதிர்பார்த்து வந்திருக்கீங்க" என்கிறார். பின்னே, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகவா வந்தேன்?

உன் தங்கை

*

பிப்ரவரி 15

சின்னவளுக்கு அக்காவின் அன்பு.

உன் கடிதத்தைப் படித்து எரிச்சல்தான் வந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க ஒரு படிப்பா? எங்கள் கோர்ட்டிலும் ஒரு ஜட்ஜ் அப்படித்தான் இருந்தார். அவராவது தூங்கினார்.

வீட்டுக்கதையை வெளியாளிடம் கொட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. போவதென்று முடிவு செய்துவிட்டாய், நான் சொல்லி எதைக் கேட்டிருக்கிறாய்? ஆனால் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒழுங்காகச் சொல். ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவு கட்டுகிற இடம் எனக்குத் தெரிந்து எதுவும் உருப்பட்டதில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. நான் வேண்டுமென்று இழுக்கவில்லை. போன வாரம் ஆறு நிமிடம் பிந்திப் போனேன். அதற்கே "என்ன தோணுது?" என்றார். பஸ் கிடைக்கவில்லை என்று தோணுகிறது! அப்படியே பேச்சு சுற்றிச் சுற்றி, நீ என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போக வராத அந்த நாளில் வந்து நின்றது. அம்மா இறந்த மறுவருடம். எனக்கு ஏழு வயது, உனக்குப் பத்தொன்பது. கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சு, வாட்ச்மேன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினது, வராந்தா விளக்கைப் போட்டது. இவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் அழுகை. முன்பெல்லாம் வீட்டில்தான் அழுவேன், இப்போது பஸ்ஸிலும் அழுகிறேன். முதலில் அழுகை கொஞ்சம் அதிகமாகத்தான் ஆகுமாம். நல்ல வைத்தியம்!

இதெல்லாம் போதாதென்று, அவர் மூன்று வாரம் லீவு. "கோபமா இருக்கா?" என்று வேறு கேட்கிறார். "எனக்கென்ன கோபம், நல்லபடியா போயிட்டு வாங்க" என்று எழுந்து கதவை அறைந்து சாத்தப் பார்த்தேன். அது தானாக மெல்ல மூடுகிற கதவு. அது மூடுகிற வரை பிடித்துத் தள்ளிக்கொண்டு நின்றேன்.

உன் தங்கை

*

மார்ச் 20

சின்னவளுக்கு,

எதிர்பார்த்ததுதான். நடந்ததைத் தனித்தாளில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் அரை மணி நேரம் பிந்தினேன். அதற்கு மேல் ஒரு நிமிடம் இல்லை. மற்ற நாளெல்லாம் மணி அடிக்கும் முன்பே கேட்டில் நின்றேனே, அதைச் சொன்னாயா? அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. உனக்குத் தலை பின்னினது யார், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது யார்?

இந்தத் தாளை அந்த அம்மாவிடம் கொடு. படித்துவிட்டுப் பேசட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 23

அக்கா,

கொண்டுபோனேன். அவர் கையில்கூட வாங்கவில்லை. "நீங்களே படிங்க. படிக்கும்போது எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார். உன்னைப் போலவே கறாராகப் படித்தேன். அரை மணி நேரம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். எனக்கே உறைத்தது. பள்ளி விடுவது மூன்றரைக்கு. நாலு மணி வெயிலில் யாராவது விளக்குப் போடுவார்களா?

இத்தனை வருடமாக யார் கேட்டாலும் நானும் அரை மணி என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், நீ சொன்னாய் என்பதற்காக. எவ்வளவு நேரம் அக்கா? அதை மட்டும் எழுது. தாளெல்லாம் வேண்டாம்.

தங்கை

*

மே 4

என் சின்னவளே,

இதைக் கையால் எழுதுகிறேன்.

மூன்றரையிலிருந்து ஏழே முக்கால் வரை.

பஸ் நிற்கவில்லை. நான் ஏறினது நம் பக்கம் வருகிற பஸ்ஸே இல்லை. பையில் இரண்டு செட் துணியும் டைப்பிங் சர்டிபிகேட்டும் இருந்தன. திரும்பி வரக் கூடாது என்றுதான் ஏறினேன். காலையில் சமையல், உன் பாடம், அப்பாவின் முணுமுணுப்பு, இதிலேயே என் வயசு போய்விடும் என்று பயந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் போன பிறகு இறங்கி எதிர் பஸ்ஸைப் பிடித்தேன். பாசத்தால் என்று எழுத ஆசைதான். பாசமோ, ஊர் என்ன சொல்லும் என்ற பயமோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் கேட்டுக்கு வந்து நின்றபோது நீ அழவில்லை. "செத்துப்போயிட்டியோன்னு நெனச்சேன்க்கா" என்றாய். நான் உன்னை அறைந்தேன். அங்கேயே, வாட்ச்மேன் பார்க்க. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அரை மணிக் கணக்கு.

அந்த அம்மாவிடம் படி, படிக்காமல் போ. இதற்கு என்னிடம் திருத்தம் இல்லை. உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தினமும் பார்ப்பேன்.

அக்கா

*

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை அவரிடம் படிக்கவில்லை. என் வாயால் சொன்னேன். அப்புறம் கத்தினேன். மீதி நேரம் பூராவும் கத்தினேன். எல்லாம் அவர் மேல்தான் விழுந்தது. அவர் அசையாமல் வாங்கிக்கொண்டார்.

நீ பஸ் ஏறினதற்குக் கோபமில்லை. பத்தொன்பது வயதில் நானும் ஏறியிருப்பேன். அடித்ததற்குக் கோபம். என் கண்ணால் பார்த்ததையே நம்பவிடாமல் செய்ததற்கு ரொம்பக் கோபம். இவ்வளவு கோபம் எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாது.

அதனால் இப்போதைக்கு எழுத மாட்டேன். போனும் வேண்டாம். எத்தனை நாள் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. முதுகுவலிக்கு மாத்திரை போட்டுக்கொள். கடிதம் வரவில்லையே என்று மாப்பிள்ளைக்குப் போன் அடித்து விசாரிக்காதே. எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உன் மேல் கோபமாக இருப்பேன், அவ்வளவுதான்.

உன் தங்கை