கடல் பக்கத்துச் சுவர்

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாய், நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது நின்றுபோகும். கடிதத்தில் அழுதால் தாளை மாற்றினால் போதும்.

போன வாரப் புயலில் கடல் பக்கத்துச் சுவரில் நாலு பலகைகள் பிய்ந்து போய்விட்டன. கீழ்ப்பகுதி கெட்டுப்போனதை மறைக்க உன் மாமா ஆறு வருஷத்துக்கு முன்னால் அடித்துவைத்தாரே தகரம், அதுவும் பறந்துபோய் எதிர்வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டது. தகரம் போனதும்தான் அடிப்பலகைகளைப் பார்த்தேன். விரலால் அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போகிறது.

பலகை வேலை செய்கிறவர் ஒருவர் வந்து பார்த்தார். வீட்டுக்குள் வந்தாலும் தொப்பியைக் கழற்றாதவர். "நாலு பக்கமும் உரிச்சு எடுத்துட்டுப் புதுசா போட்டாத்தாம்மா சரிவரும்" என்றார். அவர் போன பிறகு மற்ற மூன்று சுவர்களையும் சுற்றி வந்து தட்டித் தட்டிப் பார்த்தேன். கிண்ணென்று இருக்கின்றன. நாலையும் நீ ஒரே மாதத்தில், ஒரே மரத்தில், ஒரே கையால் அடித்தாய். அதில் ஒன்று மட்டும் எப்படி அழுகும்? கடல் காற்று என்கிறார் மாமா. தெருப் பக்கச் சுவரும் அதே காற்றைத்தானே வாங்குகிறது?

ஆறு வருஷத்துக்கு முன்னால், தகரம் அடித்த அன்றைக்கு மாமா தெருவில் நின்று, "சொந்த அக்கா வீட்டையே பாழாக்கிட்டான், இவனை நம்பி யாரும் வேலை குடுக்காதீங்க" என்று கத்தியபோது நான் வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நான் மறக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. இப்போதைக்கு ஒன்றே ஒன்று சொல். ஏன் அந்தச் சுவர் மட்டும்?

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 15

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் பலகை வேலையை விட்டு வருஷம் ஆறாகிறது. இங்கே வர்ணக் கிடங்கில் டப்பா அடுக்குகிறேன். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். தொப்பிக்காரரிடமே வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன்னால் ஒன்று. பிய்ந்த பலகையில் ஆணி இருக்கிறதா? துருப்பிடித்திருக்கிறதா? உப்புக் காற்றில் சாதாரண ஆணி சீக்கிரம் கரைந்துவிடும். துருப்பிடிக்காத ஆணிதான் வாங்கினேன் என்று ஞாபகம். ஆனால் இப்போதெல்லாம் என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை. இன்னொன்று, ஆணித்தலை பலகைக்குள் புதைந்திருக்கிறதா, அல்லது மேலே தொட்டும் தொடாமலும் நிற்கிறதா? மரம் ஈரத்தில் பருக்கும், வெயிலில் சுருங்கும். இறுக்கி அடித்துவிட்டால் அசைய இடமில்லாமல் பிளந்துகொள்ளும். பலகையின் பின்பக்கம் என்ன நிறம்? கறுப்பு மேலிருந்து இறங்குகிறதா, கீழிருந்து ஏறுகிறதா?

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இப்படிக்கு,
தம்பி

பின்குறிப்பு: ஒரு ஆணியைத் தாளில் சுருட்டி அனுப்பினாலும் சரி.


செப்டம்பர் 21

அன்புள்ள தம்பிக்கு,

"மதிப்புக்குரிய" என்றதும் கடிதம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகவேண்டியது, தவறி என்னிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன். உன் மூக்கைத் துடைத்துவிட்டவளுக்கு 'நீங்கள்' எதற்கு? அப்புறம், கட்டாயம் இல்லை என்று எழுதுகிற ஆள் இத்தனை கேள்வி கேட்க மாட்டான்.

ஆணி உள்ளே இருக்கிறது. தொலைத்துவிடாதே. துரு இல்லை. தலை புதையவில்லை, அதற்கடியில் என் நகம் நுழைகிறது. கறுப்பு கீழிருந்து ஏறுகிறது. முழங்கால் உயரத்துக்கு மேலே பலகை பழுப்பாக, நன்றாகவே இருக்கிறது.

நீ கேட்காததையும் செய்தேன். கடப்பாரையை வைத்து இன்னொரு பலகையைக் கிளப்பினேன். உன் மாமா "உள்ளே என்ன, புதையலா வெச்சிருக்கு?" என்று நக்கல் செய்துவிட்டுப் போனவர், ஐந்து நிமிஷத்தில் டார்ச் லைட்டோடு திரும்பி வந்தார். இருவரும் தலையை இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தோம். முதலில் பலகை. அதன் பின்னால் விரல் பருமனில் குச்சிகள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன. குச்சிகளுக்குப் பின்னால் கறுப்புத் தாள். அதற்கப்புறம்தான் வீடே வருகிறது. இத்தனை வருஷம் இதற்குள் குடியிருக்கிறேன், சுவருக்கு நடுவில் காலி இடம் இருப்பது எனக்குத் தெரியாது. எதுக்குடா அது? மாமாவும் தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஆனால் அவர் கேட்டதாக எழுதக் கூடாதாம்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

ஆணி சரியான ஆணிதான். இரண்டு நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

பலகை மழையைத் தடுக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதியைத்தான் தடுக்கும். நம் பக்கத்துப் புயல் மழை குறுக்கே அடிக்கிறது, எப்படியும் உள்ளே புகுந்துவிடும். புகுந்த தண்ணீர் அந்தத் தாளில் வழிந்து, காலி இடம் வழியாக இறங்கி, அடியில் வெளியே போய்விட வேண்டும். காற்றும் அடியில் நுழைந்து மேலே போகும், மரம் காயும். அதற்காகத்தான் கடைசிப் பலகைக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி விட்டு, பூச்சி வராமல் கம்பி வலை வைப்பது. சுவர் கெடுவது தண்ணீர் உள்ளே வந்ததால் அல்ல, போக வழி இல்லாததால்.

இன்னொரு விஷயம். என்னுடைய பழைய மேஸ்திரி வந்திருந்தார். கடலோரத்தில் அறுபது வீட்டுக்குப் பலகை அடிக்கிறாராம். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு என்னைத் தலையாளாக வரச் சொல்கிறார். பத்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஆசை இருக்கிறது அக்கா, பொய் சொல்லவில்லை. ஆனால் உன் வீட்டில் என் கை என்ன செய்தது என்று தெரியாமல் இன்னொருவர் வீட்டில் ஆணி அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. தவறு என்னுடையது என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

அதனால் மூன்று பார். தாளும் தாளும் சேர்கிற இடங்களில் மேல் தாள் கீழ்த் தாளின்மேல் விழுகிறதா? சன்னலுக்கு மேலே தகரப் பட்டை இருக்கிறதா? அடி இடைவெளி எப்படி இருக்கிறது? கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது.

உன்,
தம்பி

பின்குறிப்பு: மாமா கேட்கவில்லை என்பதை நம்பிவிட்டேன்.


அக்டோபர் 3

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்தேன். மேல் தாள் கீழ்த் தாளின்மேல்தான் விழுகிறது. சன்னல் தகரம் ஒழுங்காக இருக்கிறது. அடியில் இடைவெளி இருக்கிறது, வலையும் இருக்கிறது. எல்லாம் நீ சொன்னபடியேதான்.

மாமா சொன்ன மாதிரி கடல் காற்றாக இருக்கும். சிலதுக்குக் காரணம் இருக்காது. உன் வேலையில் குறை இல்லை, அதுதானே உனக்குத் தெரிய வேண்டும்? நல்ல வாய்ப்பு, யோசிக்காமல் ஒத்துக்கொள். இங்கே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, அப்புறம் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 8

அன்புள்ள அக்கா,

நீ எனக்கு ஆறுதலாக எழுதியது புரிகிறது. ஆனால் காரணம் இல்லாமல் பலகை அழுகாது. ஆணி சரி, தாள் சரி, தகரம் சரி, இடைவெளி சரி என்றால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றில் நான் கோட்டை விட்டிருக்கிறேன். மரம் சரியாகக் காயாமல் இருந்ததோ, வெட்டு முனைக்கு வர்ணம் பூச மறந்தேனோ. அன்றைக்கு என்னை ஒரு தேர்ந்த வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டு விறுவிறுவென்று அடித்தேன். என் கைதான் அக்கா.

நேற்று மேஸ்திரியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். எனக்கே தெரியாத தவறை அறுபது வீட்டில் அடிக்க வைக்க எனக்கு மனசு இல்லை.

தொப்பிக்காரர் சொன்னபடி நாலு சுவரையும் உரித்துவிடு. மற்ற மூன்றும் இன்றில்லாவிட்டால் நாளைக்கு இப்படித்தான் ஆகும். மாமாவிடம் அவர் சொன்னது சரிதான் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன்,
தம்பி


அக்டோபர் 12

தம்பி,

பூசி மெழுகாமல் எழுதிவிடுகிறேன். படித்து முடிக்கும் வரை கிழித்துப் போடாதே.

அடியில் இடைவெளி இல்லை. வலை இருக்கிறது, ஆனால் அந்த முனையிலிருந்து இந்த முனை வரை வெள்ளைப் பசை வைத்து அடைத்திருக்கிறது. அடைத்தது நான்.

நீ வேலையை முடித்துப் போன பிறகு எனக்கு ஏழாம் மாதம். தொட்டில் போடலாம் என்று பார்த்துவைத்த இடம் கடல் பக்கத்துச் சுவரை ஒட்டித்தான். அங்கே எறும்பு சாரை சாரையாக வந்தது. எங்கிருந்து வருகிறது என்று வெளியே போய்த் தேடினால், பலகைக்கு அடியில் நீளமாக ஒரு சந்து. அவசரத்தில் நீ அடைக்க மறந்துவிட்டாய் என்றே நினைத்தேன். சன்னல் ஓரத்துச் சந்தை அடைக்கிற குழாய்ப் பசை ஒன்றை நீ விட்டுவிட்டுப் போயிருந்தாய். முக்காலி போட்டு உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து அடைத்தேன். தம்பிக்கு ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷம் வேறு. மூலைக்கு வரும்போது குழாய் தீர்ந்துவிட்டது. அதனால்தான் தம்பி அந்தச் சுவர் மட்டும். மற்ற மூன்றுக்கும் என்னிடம் பசை இல்லை.

மாமா கத்திய அன்று எனக்கு இது சத்தியமாகத் தெரியாது. பிரசவம், குழந்தை என்று மறந்தே போயிருந்தது. நீ மூன்று பார்க்கச் சொன்ன கடிதம் வந்த அன்று டார்ச் அடித்தேன், காய்ந்த பசையில் வரிசையாக என் கட்டைவிரல் தடம். எல்லாம் சரி என்று எழுதிவிட்டால் உன்மேல் குறை இல்லை என்று ஆகிவிடும், என்மேலும் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். நீ என்னை வெறுத்துவிடுவாய் என்ற பயம் அது. நீ காரணம் தேடித் தேடிக் கடைசியில் உன்னையே பிடித்துக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். உன்னை வளர்த்தவள் நான்.

நேற்று உன் கடிதம் வந்ததும் மாமாவிடம் சொன்னேன். "அப்போ நான் தெருவுல நின்னு கத்தினதுக்கு என்ன பதில்?" என்றார். பறந்த தகரத்தை வாங்கிவருகிறேன் என்று எதிர்வீட்டுக்குப் போனவர், அரைமணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார். அங்கேயிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. நடந்தது என்ன என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காலையில் குப்பை கொட்டப் போனபோது தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பசையில் ஒரு துண்டைப் பெயர்த்து உள்ளே வைத்திருக்கிறேன். விரல் தடம் தெரியும். மேஸ்திரியிடம் காட்டு. வேண்டுமானால் நானே வந்து அவரிடம் சொல்கிறேன்.

அக்கா


அக்டோபர் 17

அக்கா,

மேஸ்திரியைப் போய்ப் பார்த்தேன். பசைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாலு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார். தலையாள் வேலைக்கு வேறொருவரைப் போட்டாகிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது.

எறும்புக்கு அடைத்ததில் எனக்குக் கோபமே வரவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அந்தச் சந்து எதற்கு என்று நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேசாமல் வேலை செய்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று இருந்தேன். அதனால் அந்த ஆறு வருஷத்தை விட்டுவிட்டேன், நீயும் விட்டுவிடு. ஆனால் தெரிந்த பிறகு ஒன்பது நாள் சும்மா இருந்தாயே, அதை என்னால் விட முடியவில்லை. முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை.

மற்ற மூன்று சுவர்களையும் தொப்பிக்காரர் தொடக் கூடாது. அவை நன்றாக இருக்கின்றன. இதை இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன் அக்கா, நான் அடித்த சுவர்கள் நன்றாக இருக்கின்றன.

கிடங்கில் லீவு சொல்லிவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். சுவரைத் தாங்குகிற அடிச்சட்டமும் ஊறியிருக்கும், அதையும் மாற்ற வேண்டும். மூன்று நாள் வேலை. மாமாவை மரம் அறுக்கச் சொல், தெருப் பக்கமாக, எல்லோரும் பார்க்க உட்கார்ந்து அறுக்கட்டும். நீ என்னிடம் மன்னிப்பு கேட்காதே, அழாதே, சாப்பிட்டாயா என்று கேட்காதே. கேட்டால் என்னால் வேலை செய்ய முடியாது. மூன்று நாளும் பேசாமல் ஏணியை மட்டும் பிடித்துக்கொள். நான் மேலே நிற்பேன், விட்டுவிடாதே.

தம்பி