ஈரம் வராத மாதங்கள்

26.1.2003
தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இன்று பதினொரு குழந்தைகள். தாய்மார் ரப்பர் பால் வெட்டிவிட்டு வரும்வரை எல்லாம் என் மடியில்தான். வந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.
மாமியார் மறுபடியும் குவைத் பேச்சு. எனக்கும் என் புருஷனுக்கும் பேசி முடிந்த விஷயம் அது. வரும் டிசம்பர், நத்தார் பண்டிகைக்குள் பிள்ளை தங்கினால் நான் போகவேண்டாம். தங்காவிட்டால் வீட்டுவேலைக்குப் போகிறேன். என் தலையில் கைவைத்துச் சொன்னார் தேவதாசன்.

3.3.2003
நாள் தள்ளிப்போயிருந்தது. ஆசையோடு கிளினிக் போனேன். மிட்வைஃப் சோமா மிஸ் சோதித்துவிட்டு இல்லை என்றார். அழுதுவிட்டேன்.
கதவைச் சாத்தி, இதுவரை யாரும் எனக்குச் சொல்லாததைச் சொன்னார். தீட்டு நின்றபின் சில நாள் காய்ந்திருக்குமாம். பிறகு பிசுபிசுப்பு. பிறகு வழுவழுவென்று, பச்சை முட்டை வெள்ளை மாதிரி, விரலில் எடுத்தால் அறாமல் நீளும். "அதுதான் பிள்ளை தங்குற நாள். அது காய முந்தி புருஷனோட இருக்கணும், சரியா?"
இத்தனை வருஷம் அதை நோய் என்று நினைத்துக் கழுவிக்கொண்டிருந்தேனே!
ராத்திரி வீட்டில் அவரிடம் சொன்னேன். சிரித்தார். "அப்ப நீயே நாள் பாத்துச் சொல்லு."

18.3.2003
காய்ந்துதான்.

20.4.2003
உயிர்த்த ஞாயிறு. கோயிலில் அவர் என் பக்கத்தில் மண்டியிட்டு மெழுகுதிரி ஏற்றினார். என்ன வேண்டினீங்க என்று கேட்டேன். "ஒனக்குத் தெரியாதா?"

27.4.2003
ருவான்வெல்லை டவுனுக்குப் போய் டாக்டரிடம் ரத்த ஊசி. ஜனவரியில் ஒன்று, இது இரண்டாவது. எனக்கு ரத்தம் காணாதென்று அவரே கூட்டிப்போகிறார். இந்த லயத்து வீடுகளில் வேறு எந்தப் புருஷன் இப்படி?

22.5.2003
இன்றும் ஒன்றுமில்லை. முன்பு அந்த வழுவழுப்பு மாதாமாதம் வந்ததே. எங்கே போனது?

9.6.2003
மூன்று மாதமாகப் பார்த்ததைச் சோமா மிஸ்ஸிடம் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.
"ஊசி ஏதும் போடுறதா?"
"ரத்தத்துக்கு, மிஸ். மூணு மாசத்துக்கு ஒருக்கா."
"என்ன நிறம்?"
"வெள்ளை. பால் மாதிரி."
பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். அதே வெள்ளை.
"இது பிள்ளை தங்காம இருக்கப் போடுறது. ஒங்ககிட்ட கேக்கல்லயா?"

10.6.2003
கேட்டேன். டாக்டர் செய்த பிழை என்றான் தேவதாசன். அடுப்படியிலிருந்து மாமியார், "சொல்லித் தொலை தாசு" என்றாள். அவளுக்கும் தெரியும்!
"வயித்துல இருந்தா குவைத் மெடிக்கல்ல விடமாட்டான், ரெஜினா. ரெண்டு வருஷந்தானே. வந்து பெத்துக்கலாம்."
அப்ப நத்தார் வரைக்கும்னு ஏன் சொன்ன? இன்னைக்கும் காஞ்சுதான் இருக்குன்னு நான் வந்து வந்து சொன்னேனே — கேட்டுக்கிட்டு, பேசாம சோறு தின்னியே. மெழுகுதிரி வேற. யார்கிட்ட என்ன வேண்டின?

14.6.2003
பெல்மதுளை, அம்மா வீடு. பாஸ்போர்ட்டையும் எடுத்து வந்துவிட்டேன். அதில் இருப்பது என் படம், என் பெயர்.

1.9.2003
அவன் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. மிஸ் சொன்னார், ஊசியின் வேகம் விட்டுப்போக ஒரு வருஷமும் ஆகலாமாம். இல்லை, விடாமலே போய்விட்டால்?

7.3.2004
காலையில் பார்த்தேன். நம்பாமல் மறுபடி பார்த்தேன். வந்திருக்கிறது. இரண்டு விரலுக்கு நடுவே கண்ணாடி மாதிரி நீண்டது. என் உடம்பு என்னைக் கைவிடவில்லை. கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.
மத்தியானம் அவன் வந்தான். மெலிந்திருந்தான். "குவைத் பேச்சே இனி இல்ல. வீட்டுக்கு வா, பிள்ள பெத்துக்கலாம்" என்றான். உண்மையாகவே சொல்லியிருக்கலாம். எனக்கு இனி எப்படித் தெரியும்?
அம்மா சோறு போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, "ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.
"நல்லா இருக்கு" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.
அம்மா என்னைத் தனியாக இழுத்து, "ராவைக்கு இருக்கச் சொல்லவாடி?" என்றாள்.
"நாலரைக்கு பஸ் இருக்கும்மா."