சில மாதிரிகள் விரிசல் விட்டன

இன்று காலை காபிக் கோப்பையை நகத்தால் தட்டினேன். மந்தமான சத்தம். எங்கோ விரிசல். கண்ணுக்குத் தெரியவில்லை.

தட்டிப் பார்ப்பது உன் பழக்கம். தாராவியில், கும்பார்வாடா மண்பாண்டச் சூளைகளின் புகைக்குள் வளர்ந்தவள் நீ. ஆபீஸ் கேன்டீனில் கோப்பை வந்ததும் தட்டுவாய். காதருகே கொண்டுபோவாய். "இது சீக்கு. பையா, தூஸ்ரா தோ." வேறு கோப்பை கேட்டதற்குக் கேன்டீன்காரர் முறைப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

"என்னட்டி வெக்கம்? சூடு பட்டு உன் மடியில ஒடைஞ்சா அப்போ படு."

நம் வேலையும் ஏறக்குறைய அதுதான். செம்பூரில் ஒரு மாடி அலுவலகம். பொறியியல் பீங்கான்களைப் பற்றி உலகில் எங்கே ஆய்வுக்கட்டுரை வந்தாலும் நம் திரைக்கு வரும். விமான இன்ஜினுக்குள் பூசுகிற பீங்கான். இடுப்பு மூட்டில் வைக்கிற பீங்கான். படித்து, சுருக்கி, தேடுசொற்கள் கொடுத்து, தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். யாரோ ஓர் ஆய்வாளர் தேடும்போது கிடைக்க வேண்டும்.

எல்லோரும் கட்டுரையின் தலையில் ஆசிரியரே எழுதியிருக்கும் சுருக்கத்தைக் கொஞ்சம் மாற்றிப் போடுவோம். நீ மட்டும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பாய். அங்கேதான் ஒளித்து வைத்திருப்பார்கள், உலையில் வெடித்த சோதனைத் துண்டுகளை. உன் சுருக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி முடியும்: சில மாதிரிகள் விரிசல் விட்டன.

அந்த வரியை மேலாளர் வெட்டுவார். நீ திரும்பப் போடுவாய்.

"அரே, கடைசிப் பக்கம் வரைக்கும் யாரு படிக்கச் சொன்னா? சலோ, அடுத்தது."

"எவனோ ஒருத்தன் அதே பொடியை அதே சூட்டுல வச்சிட்டு உக்காந்திருப்பான் சார். அவனுக்கு யாரு சொல்லுவா?"

அப்புறம் உன் ஸ்கேன் அறிக்கை வந்தது. மாட்டுங்கா பஸ் நிறுத்தத்தில் நின்றபடி உறையைப் பிரித்தாய். வழக்கம்போல் கடைசித் தாள் முதலில். சிரித்தாய்.

"இவனுவளும் கடைசியிலதான் சொல்லுதானுவ."

"சரியாயிடும்டி. இப்பல்லாம் எல்லாத்துக்கும் மருந்து இருக்கு" என்றேன்.

"ஆசிரியர் சுருக்கம் மாதிரிப் பேசாதட்டி."

அந்த வாரம் நீ லீவு எடுக்கவில்லை. என் டப்பாவிலிருந்து தயிர்சாதத்தைத் திருடினாய். உன் உம்மா கொடுத்தனுப்பிய மீன்குழம்பை வேண்டுமென்றே என் மூக்கருகே நீட்டினாய். தட்டினாய், குடித்தாய், வேலை செய்தாய். பிறகு மருத்துவமனை. பிறகு நீ இல்லை.

சென்ற மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பழைய பதிவுகளில் நாம் எழுதிய சுருக்கங்களை நீக்கிவிட்டு ஆசிரியர் சுருக்கத்தையே போடப்போகிறார்களாம். நீ எழுதியவையும் போகும்.

"அவ எழுதினதை மட்டும் விட்டுடுங்கோ சார்."

"அதெல்லாம் கரெக்டுன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் படிச்சுப் பாக்கறேன்."

"படி. ஒண்ணு தப்பா இருந்தாலும் மொத்தமும் தூக்கிடுவேன். அப்புறம் வந்து நிக்கக்கூடாது."

படித்தேன். மாலைகளில், எல்லோரும் குர்லா ரயிலுக்கு ஓடிய பிறகு. பின்னாலிருந்து முன்னால், உன்னைப்போல. அலுமினா. சிர்கோனியா. இன்னும் எத்தனையோ பீங்கான். ஒவ்வொரு கட்டுரையின் கடைசிப் பக்கத்திலும், கூச்சத்தோடு எழுதிய ஏதோ ஒரு வாக்கியத்தில், விரிசல் இருந்தது. நீ சொன்னபடியே. பக்கத்து நாற்காலியில் நீ உட்கார்ந்து "பாத்தியா?" என்பதுபோல் இருந்தது. அந்த மாலைகள் முடிய வேண்டாம் என்று நினைத்தேன்.

கடைசிக்குச் சற்று முன்னால் அந்தக் கட்டுரை. மூட்டுக்கான பீங்கான். கீழே உன் வரி: சில மாதிரிகள் விரிசல் விட்டன.

தேடினேன். பின்னாலிருந்து, பிறகு முன்னாலிருந்து. படங்களுக்குக் கீழே இருந்த சிறிய எழுத்துகளையும் விடவில்லை. எங்கேயும் இல்லை. எல்லா மாதிரிகளும் உலையிலிருந்து முழுசாக வெளியே வந்திருந்தன.

பதிவின் தேதியைப் பார்த்தேன். ஸ்கேன் வந்த வாரம்.

பேசாமல் இருந்திருக்கலாம். அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். ஆனால் விரிசலை விரிசலென்று எழுதச் சொன்ன நீ, இல்லாத விரிசலை அப்படியே விட்டுவைக்கச் சம்மதிப்பாயா?

மறுநாள் போய்ச் சொன்னேன். "ஒண்ணு தப்பா இருக்கு சார்."

திரையைத் தன் பக்கம் திருப்பினார். அவர் கண் தேதியில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வாரம் அவ லீவே போடலையே" என்றார். பிறகு, வேறு யாரிடமோ எரிந்து விழுவதுபோல், "அந்த ஒரு லைனை எடு. மத்தது இருக்கட்டும். சலோ."

எடுத்தேன். மற்றவை இருக்கின்றன. எங்கோ ஒருவர் உலையைப் பற்றவைக்கும் முன் தேடினால், கிடைப்பாய்.

விரிசல் விட்ட கோப்பையை நான் மாற்றவில்லை. காபி ஒழுகவில்லை, இதுவரை.

உனக்காக ஆபீசில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நல்லவள், கலகலப்பானவள், எதற்கும் அஞ்சாதவள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆசிரியர் சுருக்கம்.

கடைசிப் பக்கத்தில் இருப்பது வேறு. அந்த வாரம் நீ பயந்திருந்தாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்; கவனிக்கவில்லை.